சண்டை வரவில்லை என்பதா குறை?

கேள்வி: 'ட்வைலைட்' வரிசையின் முதல் மூன்று புத்தகங்களை ஒரே மூச்சில் படித்தேன். நான்காவதான 'பிரேக்கிங் டான்' என்னை ஏமாற்றிவிட்டது. 700 பக்கங்களுக்கு மேல் இழுத்து, உலகத்தில் உள்ள இரத்தக்காட்டேரிகளை எல்லாம் கூட்டிவந்து நிறுத்திவிட்டு, கடைசியில் சண்டையே போடாமல் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஸ்டெஃபனி மேயர் அவசரத்தில் அள்ளித் தெளித்த கோலமா இது? படத்தையாவது பார்க்கலாமா?
(ஒரு வாசகி, திருச்சி)

பதில்: அவசரக் கோலமாக இருந்திருந்தால் மன்னித்துவிடலாம். இது ஆற அமர யோசித்த முடிவு. சொல்லப்போனால், நீங்கள் ஒரே மூச்சில் படித்த இரண்டாம், மூன்றாம் புத்தகங்களைவிட இந்த முடிவுக்கு வயது அதிகம். 'ட்வைலைட்' 2005இல் அச்சாகி வருவதற்கு முன்பே மேயர் அதற்கு 'ஃபாரெவர் டான்' என்று ஒரு தொடர்ச்சியை எழுதத் தொடங்கிவிட்டார். கல்யாணம், தேனிலவு, குழந்தை, இரத்தக்காட்டேரிகளை அடக்கி ஆளும் வோல்டுரி கூட்டத்தோடு கடைசி மோதல், எல்லாம் அதிலேயே இருந்தன. ஆனால் புத்தகம் போகவேண்டியது பதின்வயதுப் பிள்ளைகளின் கைக்கு. அதற்குள் கதாநாயகிக்குக் கல்யாணம் முடிந்து குழந்தையும் பிறந்துவிட்டால் எப்படி? அதை ஓரமாக வைத்துவிட்டு 'நியூ மூன்' (2006), 'எக்லிப்ஸ்' (2007) இரண்டையும் எழுதினார். இடைச்செருகல் என்று எதையாவது சொல்லவேண்டுமானால் உங்களுக்குப் பிடித்த அந்த இரண்டையும்தான் சொல்லவேண்டும்.

கோளாறும் அங்கேதான். முடிவு முதலில் வந்துவிட்டது. அந்த முடிவுக்காக யார் யார் எதை எதை இழக்கவேண்டும் என்பது அப்புறம் எழுதப்பட்டது. ஓநாயாக மாறும் ஜேக்கப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பிரதியில் அவனும் கதாநாயகி பெல்லாவும் நெருங்கிய நண்பர்களே அல்ல. பிறந்த குழந்தையைப் பார்த்த கணத்தில் அவன் மனம் அதனோடு பிணைந்துவிடுகிறது என்ற திருப்பம் அங்கே பெரிதாக உறுத்தியிருக்காது. நடுவில் இரண்டு புத்தகம் முழுக்க அவனைப் பெல்லாவுக்காக உருகவைத்தாகிவிட்டது. அதன் பிறகும் அதே திருப்பம்! அம்மாவைக் காதலித்தவன் மகள் வளரக் காத்திருக்கிறான். ஓநாய்க் குலத்தின் வழக்கம் அது என்று எத்தனை சமாதானம் சொன்னாலும் தொண்டையில் இறங்க மறுக்கிறது.

மற்றவையும் அப்படியே. பெல்லாவும் தன்னைப்போல இரத்தக்காட்டேரியாக மாறினால் ஆன்மா போய்விடும் என்று அவள் காதலன் எட்வர்ட் 'நியூ மூ'னில் அஞ்சினான். தாயாக முடியாத வேதனையை அவன் குடும்பத்து ரோசலி 'எக்லிப்'ஸில் பக்கம் பக்கமாகச் சொன்னாள். புதிதாக மாறியவர்கள் இரத்த வெறி பிடித்து அலைவார்கள் என்று அதே குடும்பத்து ஜாஸ்பர் பயமுறுத்தினான். அப்பா சார்லியை இனிப் பார்க்கவே முடியாதோ என்று பெல்லா கலங்கினாள். நாமும் இந்தக் கணக்கையெல்லாம் நம்பினோம். நான்காவது புத்தகத்தில் அத்தனையும் தேர்தல் காலத்துக் கடன்போல மொத்தமாகத் தள்ளுபடி. குழந்தை பிறக்கிறது. வெறி வரவில்லை, முதல் வேட்டையிலேயே மனித வாடையைவிட்டு விலகி ஓடும் அளவுக்குக் கட்டுப்பாடு. சார்லி பேத்தியைப் பார்க்க வீட்டுக்கே வருகிறார். மனிதரைக் கடித்தால் ஓநாய்களோடு செய்த ஒப்பந்தம் முறியுமே? அதற்கும் ஜேக்கப் அனுமதி கொடுத்துவிடுகிறான்.

சண்டை விஷயத்தில் மட்டும் மேயரைக் குறை சொல்லாதீர்கள். அட்டையிலேயே சதுரங்கக் காய்களைப் போட்டுச் சொன்னார்: முன்னால் வெள்ளை ராணி, பின்னால் சிவப்புச் சிப்பாய். எதிர்காலத்தைக் காணும் எட்வர்ட் குடும்பத்து ஆலிஸ் கிளம்பிப்போகும்போது சீட்டு எழுதக் கிழித்த தாள் ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தினுடையது. கத்தியைத் தீட்டிக்கொண்டு நிற்பவனை வாதத்தால் நிறுத்தும் கதை. இங்கேயும் பெல்லாவின் குழந்தையால் ஆபத்தில்லை என்று காட்ட, அதைப்போலவே மனிதத் தாய்க்கும் இரத்தக்காட்டேரிக்கும் பிறந்த நாஹுவேல் என்ற 150 வயதுக் கலப்பினச் சாட்சி வந்து நிற்கிறான், வோல்டுரி தலைவன் ஆரோ படையைத் திருப்பிக்கொண்டு போகிறான். ஆனால் அந்த நாடகத்தில் ஷைலாக் சொத்தையும் மதத்தையும் பறிகொடுத்துவிட்டு வெளியேறுகிறான். படிக்கிற நமக்கே சங்கடமாக இருக்கும். மேயர் நீதிமன்றத்தை எடுத்துக்கொண்டு தண்டனையை விட்டுவிட்டார். பாவம், குழந்தையைப் பற்றித் தவறாகப் புகார் கொடுத்த இரீனா ஒருத்திதான் சாகிறாள். அவளை நமக்குச் சரியாகத் தெரியக்கூடத் தெரியாது.

நடுப்பகுதியைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் சொல்லாததுதான் எனக்கு வருத்தம். ஜேக்கப் சொல்லும் அந்தப் பகுதிதான் நான்கு புத்தகத்திலும் சிறந்த எழுத்து. உள்ளே இருக்கும் குழந்தை உதைத்துத் தாயின் விலா எலும்பு முறிகிறது. மூடி போட்ட கோப்பையில் உறிஞ்சுகுழல் வைத்து அவள் இரத்தம் குடிக்கிறாள். பிரசவக் காட்சியைச் சாப்பிடும் நேரத்தில் படிக்க முடியாது. அங்கே மட்டும்தான் பெல்லா ஆசைப்பட்டதற்கு அவள் உடம்பு விலை கொடுக்கிறது. அந்தப் பகுதியில் ஓர் அத்தியாயத்தின் தலைப்பே, இந்தப் பாழாய்ப்போன சண்டை எப்போது தொடங்கும் என்று காத்திருப்பதைப் பற்றியதுதான். உங்கள் கேள்வியை ஜேக்கப் உங்களுக்கு முன்பே கேட்டுவிட்டான்.

மேயர் ஏமாற்றினார் என்பதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். 2008 ஆகஸ்ட் 2ஆம் தேதி நள்ளிரவில் வரிசையில் நின்று வாங்கினார்கள். அமெரிக்காவில் முதல் நாளே 13 லட்சம் பிரதிகள் போயின. அப்புறம் அதே ரசிகர்களில் சிலர், எரிக்காதீர்கள், கடையிலேயே திருப்பிக் கொடுங்கள் என்று இயக்கம் நடத்தினார்கள். அவர்கள் கேட்டதில் எது கிடைக்கவில்லை? கல்யாணம், சாகாவரம், அழகு, குழந்தை, கூடவே ஜேக்கப்பும் வீட்டோடு. கேட்டதையெல்லாம் வாரிக் கொடுத்ததுதான் அவர் செய்த தவறு.

படமா? 2011இல் வந்த முதல் பாகத்தை விட்டுவிடலாம். 2012இல் வந்த இரண்டாம் பாகத்தில் நீங்கள் கேட்ட சண்டை இருக்கிறது. பனிவெளியில் எட்வர்டின் வளர்ப்புத் தந்தை கார்லைலின் தலை போகிறது, ஜாஸ்பர் சாகிறான், ஆரோவும் தப்பவில்லை. கைக்குட்டையைத் தேடுவதற்குள், அத்தனையும் ஆலிஸ் ஆரோவுக்குக் காட்டிய எதிர்காலக் காட்சி என்று தெரிந்துவிடும். அங்கேயும் யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, இரீனாவைத் தவிர.