அரை மணி நேரச் சோறு

அன்புள்ள ஐயா,

நான் வியாசர்பாடி. தாத்தா செங்கொடிச் சங்கத்தில் இருந்தவர். வீட்டில் இன்னும் லெனின் படம் தொங்குகிறது. ஆனால் 1991-இல் சோவியத் உடைந்தது. சீனா தனியார் முதலுக்குக் கதவைத் திறந்த பிறகுதான் வளர்ந்தது. ஆசை மனித இயல்பு, அதனால்தான் முதலாளித்துவம் ஜெயித்தது என்கிறேன். தாத்தா கோபித்துக்கொள்கிறார். யார் சொல்வது சரி? (லன்ச் டைமில் எழுதுகிறேன். இன்னும் பத்து நிமிடம்தான் இருக்கிறது. பிழை இருந்தால் மன்னிக்கவும்.)

ப.

அன்புள்ள ப.,

என்னைப் பதில் எழுத வைத்தது அந்த அடைப்புக்குறிதான்.

சோவியத் உடைந்தது, சரி. சீனா வளர்ந்தது, அதுவும் சரி. அதையெல்லாம் தாத்தாவோடு டீக்கடையில் பேசிக்கொள்ளுங்கள். ‘மனித இயல்பு’ என்று ஒரு வார்த்தை போட்டீர்களே, அதற்குத்தான் உங்கள் காதைத் திருக வேண்டும். லாபத்துக்கு ஆசைப்படுவது இயல்பு என்றால், உட்கார்ந்து நிதானமாக நாலு வாய் சாப்பிட ஆசைப்படுவது என்ன, சதியா?

உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், பெரம்பூரில்தான் 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காக. முதலில் ஓடியாடிய செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் கடை வைத்திருந்த வியாபாரிகள். தலைவர் வாடியா பிரம்மஞான சபைக்காரர். கூட நின்றவர் திரு.வி.க. ரஷ்யப் புரட்சி முடிந்து அப்போது ஆறு மாதம்கூட ஆகவில்லை. அந்தத் தொழிலாளர்களின் பெரிய குறைகளில் ஒன்று என்ன தெரியுமா? மதியச் சோற்றுக்கு விடும் அரை மணி நேரம் போதவில்லை என்பது. இதைக் கேட்க மார்க்ஸைப் படித்திருக்க வேண்டுமா?

என் அப்பாவுக்கும் அதே அரை மணிதான், அறுபது வருஷம் கழித்து. தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். கை கழுவ வரிசை, தண்ணீருக்கு வரிசை. அதனால் அம்மா அவருடைய தூக்கில் முள் மீனே வைக்க மாட்டாள். எங்களுக்கு கவலை மீன் குழம்பு, அப்பாவுக்கு நெத்திலி. அதை முள்ளோடு மென்றுவிடலாம். முள் எடுக்கும் நேரத்தில் சங்கு ஊதிவிடும். ரிட்டயர் ஆன பிறகும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் குழம்பைப் பிசைந்து முடிப்பதற்குள் அவர் தட்டைக் கழுவிக் கவிழ்த்திருப்பார். “எங்கே ஓடறே?” என்று அம்மா திட்டுவாள். அவருக்கே தெரியாது.

உடனே தாத்தா துள்ள வேண்டாம். 1980-இல், கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த போலந்தில், லெனின் பெயரையே வைத்திருந்த க்தான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில், கிரேன் ஓட்டிய அன்னா வாலென்டினோவிச்சை வேலையை விட்டுத் தூக்கினார்கள். ஓய்வு பெற ஐந்தே மாதம் இருந்தது. அரசுக்கு அடங்காத சங்கத்துக்காக வேலை செய்ததுதான் குற்றம். அவரைத் திரும்ப எடு என்று தொடங்கிய வேலைநிறுத்தத்திலிருந்துதான் சாலிடாரிட்டி என்ற சுதந்திரத் தொழிற்சங்கம் வந்தது. அங்கே அரசாங்கமே முதலாளி. முதலாளி மேல் புகார் சொல்ல எந்த வாசலுக்குப் போவது? தாத்தாவிடம் கேளுங்கள், மரியாதையாக.

மூலக்கடை சிக்னல் பக்கம் பைக் மேலேயே உட்கார்ந்து, ஒரு கண்ணை போனில் வைத்துக்கொண்டு சாப்பிடும் டெலிவரி பையன்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அப்பா ஞாபகம்தான். இப்போது நீங்களும் சேர்ந்துகொண்டீர்கள்.

கடிதம் எழுதியதில் அந்தப் பத்து நிமிடமும் போயிருக்குமே. சாப்பிட்டீர்களா, இல்லையா?