பப் மூலையில் ஒரு வயலின்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

(கோத்தகிரி பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றில் பிறந்து, கிளாஸ்கோவில் பல வருடம் செவிலியராக வேலை பார்த்தவர் இவர். அங்கே ஒரு நாட்டுப்புற இசைக்குழுவில் சேர்ந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து பப்களில் வயலின் வாசித்துச் சுற்றியிருக்கிறார். இப்போது கோத்தகிரியில் பிள்ளைகளுக்கு வயலின் சொல்லித் தருகிறார். அவருடைய பேட்டியைப் படித்த வாசகர்களின் கேள்விகளுக்கு அவரே பதில் எழுதுகிறார்.)

சிஸ்டர், நர்ஸ் வேலைக்குப் போன நீங்கள் அவர்கள் ஊர் பாண்டில் எப்படிச் சேர்ந்தீர்கள்?
— ஆசிரியை, கோத்தகிரி

போகும்போதே வயலினைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். குவார்ட்டர்ஸ் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு வர்ணம் சாதகம் பண்ணுவேன். என் வார்டில் நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போகும் ஊழியர் ஒருவர் அந்தப் பக்கமாக நடக்கும்போது கேட்டுவிட்டார். அவர் அக்கார்டியன் வாசிப்பவர். "வியாழக்கிழமை சாயங்காலம் வா" என்று ஒரு பப் பெயரைச் சொன்னார். அவ்வளவுதான்.

குழுவில் அவர், ஒரு தபால்காரர், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும் ஒரு அம்மா, கிளைட் ஆற்றங்கரைக் கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், அப்புறம் நான். இசையை மட்டும் நம்பிப் பிழைத்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. லீவு சேர்த்து வைப்போம், ஷிப்ட் மாற்றிக்கொள்வோம், வேனில் ஏறிவிடுவோம்.

மதுக்கடையில் உட்கார்ந்து சங்கீதம் வாசிப்பது சரியா? அதுவும் ஒரு பெண்?
— ஓய்வு பெற்ற அரசு ஊழியர், ஈரோடு

ஐயா, என் அப்பாவும் போனில் இதையேதான் கேட்டார். டாஸ்மாக்கை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் இது புரியாது. சின்ன ஊர்களில் பப் என்பது எல்லோரும் வந்து உட்கார்ந்து பேசும் இடம். ஒரு பாட்டி சூப் கிண்ணத்தை முன்னால் வைத்துக்கொண்டு குறுக்கெழுத்துப் போடுவார். அவர் நாய் மேஜைக்கடியில் படுத்திருக்கும். அயர்லாந்தில் பெற்றோரோடு வரும் பிள்ளைகள் இரவு 9 மணி வரை இருக்கலாம், கோடையில் 10 வரை. எட்டு வயசுப் பையன் டின் விசில் என்ற சின்னத் தகரக் குழலோடு தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து வாசித்ததை கிளேர் மாவட்டத்தில் பார்த்திருக்கிறேன்.

இசை பப்புக்குள் வந்ததற்கும் ஒரு கதை உண்டு. முன்பெல்லாம் அயர்லாந்தில் வீடுகளிலும் நாற்சந்திகளிலும்தான் ஆட்டமும் வாசிப்பும். 1935-ல் பொது நடன அரங்குச் சட்டம் வந்தது. ஆட்டம் நடத்த லைசென்ஸ் வேண்டும் என்றார்கள். பாதிரியார்களும் வீட்டு ஆட்டங்களுக்கு எதிராக நின்றார்கள். வீட்டுக் கச்சேரி மெல்ல மெல்லக் குறைந்தது. கட்டட வேலைக்காக லண்டன் போன ஐரிஷ்காரர்கள் தங்கியிருந்த அறைகளில் வாசிக்க இடமில்லாமல் பப்களில் கூடி வாசித்தார்கள். 1950, 60-களுக்குப் பிறகு அயர்லாந்திலும் அதுவே வழக்கமாகிவிட்டது. டப்ளினில் மெரியன் ரோ தெருவில் இருக்கும் ஓ'டோனஹூ பப்பில்தான் 1962-ல் 'தி டப்ளினர்ஸ்' என்ற நாட்டுப்புற இசைக்குழு உருவானது.

நான் குடிக்க மாட்டேன். டீயோ எலுமிச்சைச் சாறோ வாங்கிக்கொள்வேன். யாரும் என்னை வற்புறுத்தியதில்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வில்லை நேராகப் பிடிக்க முடியாத அளவுக்குக் குடியால் கை நடுங்கும் அருமையான வாசிப்பாளர்களையும் பார்த்தேன். அவர்களைப் போன்றவர்களை வார்டில் கவனித்துக்கொண்டதும் என் வேலைதான். பப்பில் இசை வாழ்கிறது என்பதற்காகக் குடியை நல்லது என்று ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

மேடை இல்லை, மைக் இல்லை, நோட்டுப் புத்தகமும் இல்லை என்கிறீர்கள். பிறகு எப்படிச் சேர்ந்து வாசிக்கிறார்கள்?
— கல்லூரி மாணவர், ஊட்டி

தம்பி, நாங்கள் வாசித்ததில் இரண்டு வகை. ஒன்று, குழுவை அழைத்து, தேதி போட்டு நடத்தும் நிகழ்ச்சி. இன்னொன்று, செஷன். நீ கேட்பது இரண்டாவதைப் பற்றி.

ஒரு மூலை மேஜை. அதைச் சுற்றி வாசிப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தபடி உட்காருவார்கள், கேட்பவர்களுக்கு முதுகைக் காட்டிக்கூட. ஒருவர் மெட்டைத் தொடங்குவார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள். தெரியாவிட்டால் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். பெரும்பாலான மெட்டுகளுக்கு இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை, முழு மெட்டையும் மூன்று தடவை வாசித்துவிட்டு நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். தொடங்கியவர் புருவத்தைத் தூக்கினால் மாறப்போகிறது என்று அர்த்தம்.

அவர்களுடைய நடன மெட்டுகளில் ஜிக், ரீல் என்று வகைகள் உண்டு. நமக்குப் பழகிய தாளக் கணக்கில் சொன்னால், ஜிக் என்பது திஸ்ரம் (மும்மூன்றாக), ரீல் என்பது சதுஸ்ரம் (நந்நான்காக). பெரும்பாலான மெட்டுகளின் ஸ்வரங்கள் சங்கராபரணம், ஹரிகாம்போதி, கரஹரப்ரியா ராகங்களுக்குள் அடங்கிவிடும். நான் கேட்ட மெட்டுகளை டூட்டி அட்டவணையின் பின்பக்கத்தில் ஸரிகமவாக எழுதி, பஸ்ஸில் போகும்போது மனப்பாடம் பண்ணுவேன்.

மரியாதைகளும் உண்டு. வாசிப்பவர்களின் நாற்காலியில் கேட்காமல் உட்காரக் கூடாது. பௌரான் என்ற தோல் டிரம் ஒரே நேரத்தில் ஒன்று போதும், இரண்டாவது டிரம்காரர் காத்திருக்க வேண்டும். யாராவது வாத்தியம் இல்லாமல் பாடத் தொடங்கினால் பார்மேன்கூட டம்ளரை அலசுவதை நிறுத்திவிடுவார். எடின்பரோவில் ஃபாரஸ்ட் சாலையில் இருக்கும் சாண்டி பெல்ஸ், டப்ளினில் ஸ்மித்ஃபீல்டில் இருக்கும் காபிள்ஸ்டோன், இந்த இரண்டும் நின்று கேட்டுக் கற்றுக்கொள்ள வேண்டிய இடங்கள். ஜூலையில் அயர்லாந்தின் மில்டவுன் மால்பே என்ற சின்ன ஊரில் வில்லி கிளான்சி கோடைப் பள்ளி நடக்கும். 1973-லிருந்து நடக்கிறது. காலையில் வகுப்பு, ராத்திரி ஊர் முழுக்கப் பப்களில் வாசிப்பு. காசு சேர்த்து ஒரு தடவை போய் வா.

நம் கர்நாடக இசையை அங்கே வாசித்தீர்களா? கேட்டார்களா?
— இசை ஆசிரியை, கொடைக்கானல்

வாசித்தேன். முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களை எடுத்துக்கொண்டேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், தெரியாத வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் சென்னையில் கேட்ட ஐரோப்பிய மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்யம் செய்தார். 'சந்ததம் பாஹிமாம்' பிரிட்டனின் தேசிய கீத மெட்டு. மற்றவற்றில் அவர்கள் ஊர் நடன மெட்டுகளும் உண்டு. வயலினை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர்.

கிளாஸ்கோவில் ஒரு ராத்திரி நோட்டுஸ்வரம் ஒன்றை வேகமாக வாசித்தேன். முதல் சுற்றில் எல்லோரும் கேட்டார்கள். இரண்டாவது சுற்றில் வெல்டர் பெரியவரின் கிட்டார் மெதுவாகச் சேர்ந்தது. மூன்றாவதில் மேஜை முழுவதும் வாசித்தது. இருநூறு வருடத்துக்கு முன்னால் நம் பக்கம் வந்த மெட்டு, தீட்சிதர் கைபட்டு, அதே ஊருக்குத் திரும்பிப் போய் அவர்கள் விரலிலேயே உட்கார்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ராக ஆலாபனையையும் முயன்றோம். இரைச்சலான பப்பில் அது நிற்காது. அவர்களுடைய நிதானமான பாட்டுகளில்தான் நம் கமகத்துக்கு இடம் இருந்தது.

பறையைத் தீயில் காட்டி விறைப்பேற்றுவோம். அவர்கள் தோல் வாத்தியத்துக்கு என்ன செய்கிறார்கள்?
— பறைக் கலைஞர், பழனி

அருமையான கேள்வி தம்பி. பௌரான் ஆட்டுத்தோல் போர்த்திய வட்டச் சட்டம். ஒரு கை சட்டத்துக்கு உள்ளே தோலைத் தொட்டபடி இருக்கும், மற்றக் கையில் சின்னக் குச்சி. மழை ஊர் என்பதால் வேனிலிருந்து இறக்கும்போது தோல் தொய்ந்து கிடக்கும். எங்கள் தபால்காரர் நேராகக் கணப்படுப்புப் பக்கம் போய், உள்ளங்கையால் தோலைத் தடவிப் பார்த்துக்கொண்டே காய வைப்பார். உங்கள் வேலையேதான். ஆனால் கூட்டம் சேர்ந்து அறை சூடானதும் தோல் ரொம்ப விறைத்துக் கணீரென்று ஆகிவிடும். அப்போது விரலைத் தண்ணீரில் நனைத்து உள்பக்கம் தடவுவார். ஒரே ராத்திரியில் இரண்டையும் செய்ய வேண்டியிருக்கும்.

வெலிங்டனில் ராணுவ அணிவகுப்பில் பேக்பைப் கேட்டிருக்கிறேன். அதை அறைக்குள் வாசிப்பார்களா?
— வாசகி, குன்னூர்

அந்தப் பெரிய பேக்பைப்பைச் சின்ன அறையில் வாசித்தால் மற்ற வாத்தியம் எதுவும் கேட்காது. ஸ்காட்லாந்தில் அறைக்குள் வாசிக்கச் சத்தம் குறைந்த சிறிய பைப் இருக்கிறது. அயர்லாந்தின் இல்லன் பைப்பை உட்கார்ந்துதான் வாசிப்பார்கள். வாயால் ஊத வேண்டாம், முழங்கைக்கு அடியில் இருக்கும் துருத்தி காற்றைத் தள்ளும். 2017-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கலை அது.

பயணத்தில் மறக்க முடியாத சம்பவம்?
— டிரைவர், மேட்டுப்பாளையம்

நீங்கள் டிரைவர் என்பதால் முதலில் ரோட்டைப் பற்றிச் சொல்கிறேன். வடக்கே போனால் ஒற்றை வழிச் சாலைகள். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கும் இடத்தில் நிறுத்தி வழிவிட்டு, கையைத் தூக்கி நன்றி சொல்வார்கள். கோத்தகிரி ரோட்டில் ஓட்டியவருக்கு அது கஷ்டமே இல்லை. மே மாதத்தில் இரண்டு பக்கமும் மஞ்சள் பூ பூத்த முள்புதர். நம் ஊட்டிப் பக்கம் புல்வெளிகளை மூடிக்கொண்டிருக்கிறதே, அதே கோர்ஸ் செடி. வெள்ளைக்காரர் கொண்டுவந்து இங்கே விட்டுப்போனது. ஜன்னலை இறக்கினால் பூவிலிருந்து தேங்காய் வாசனை வரும். அங்கே அது சொந்த மண்ணில் அழகாக இருந்தது. இங்கே நம் புல்வெளியைத் தின்பதைப் பார்த்தால் மனசு வலிக்கிறது.

ரானோக் மூர் என்ற பெரிய சதுப்புவெளியில் வாடகை வேனின் பெல்ட் அறுந்து நின்றோம். போனில் சிக்னல் இல்லை. காற்று அடங்கியதும் மிட்ஜ் என்ற பொடிப்பூச்சி மொய்த்துக் கடித்தது. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே புழுங்கிக் கிடந்தோம்.

ஆனால் மறக்க முடியாதது அதுவல்ல. ஸ்காட்லாந்தின் கெய்ன்ரயன் துறைமுகத்திலிருந்து பெல்ஃபாஸ்ட்டுக்குக் கப்பலில் இரண்டேகால் மணி நேரம். ஒரு ஜனவரியில் புயல் அடித்து, கப்பலை நிறுத்திவிட்டார்கள். பெல்ஃபாஸ்ட் நிகழ்ச்சி போச்சு. லாரி டிரைவர்களோடு ராத்திரி முழுக்கக் காத்திருப்புக் கூடத்தில். டோனகால் பக்கத்து டிரைவர் ஒருவர் எங்கள் வயலின் பெட்டியைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு ஐரிஷ் மொழியில் பாடத் தொடங்கினார். வாத்தியம் இல்லை, தாளம் இல்லை. இன்னொரு வயசான டிரைவர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, பாட்டின் போக்குக்கு மெல்லச் சுழற்றிக்கொண்டே இருந்தார். பாடுபவருக்குத் துணையாக அப்படிச் செய்வது அவர்கள் வழக்கம். பாட்டு முடியும்வரை கையை விடவில்லை. நான் கேட்ட எத்தனையோ கச்சேரிகளைவிட அந்தப் பாட்டு எனக்குப் பெரிது.

சாப்பாட்டுக்கு என்ன செய்தீர்கள்? வருமானம் உண்டா?
— இல்லத்தரசி, திருப்பூர்

காய்கறி சூப்பும் சோடா ரொட்டியும் அநேகமாக எங்கேயும் கிடைக்கும். அயர்லாந்தில் டீ நல்ல ஸ்ட்ராங்காக இருக்கும், நம் ஆட்களுக்குப் பிடிக்கும். செஷனை நடத்தும் இரண்டு மூன்று பேருக்குத்தான் பப்காரர் காசு கொடுப்பார், சேர்ந்து வாசிப்பவர்களுக்கு இல்லை. குழுவாக நடத்தும் நிகழ்ச்சிக்குத் தனியாகப் பேசிக்கொள்வோம். டீசலுக்கும் தங்கும் இடத்துக்கும் போக மிஞ்சியதைப் பங்கு போட்டால் புதுத் தந்தி வாங்கலாம்.

நம் மலையில் இப்படி ஒன்று நடக்குமா?
— படுகர் இன இளைஞர், குந்தா

நடந்துகொண்டுதான் இருந்தது. ஒரு காலத்தில் நம் ஹட்டிகளின் சாவுக்கும் விசேஷத்துக்கும் இதே மலையின் கோத்தர் பழங்குடியினர் வந்து வாசித்தார்கள். கொள் என்ற ஊதுவாத்தியம் வாசிப்பவரும் தப்பட்டை அடிப்பவரும் இல்லாமல் காரியம் நடக்காது. 1930-களில் அந்த உறவு விட்டுப்போயிற்று. கோத்தர்கள் தங்கள் கம்பட்டராயர் திருவிழாவில் இன்றும் வாசிக்கிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? கல்யாணத்தில் ஸ்பீக்கர் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பதிவு செய்த பாட்டுக்கு வட்டமாக ஆடுகிறோம். ஆட்டம் பிழைத்துக்கொண்டது, வாசிப்பவர்கள் போய்விட்டார்கள். இது எனக்குத் தாங்க முடியாத வருத்தம்.

அயர்லாந்திலும் ஏறக்குறைய இந்த நிலைமை வந்தது. 1951-ல் ஒரு சங்கம் தொடங்கி, ஊர் ஊராக வகுப்பு வைத்து, வருடாவருடம் போட்டி நடத்திப் பிள்ளைகளை இழுத்து வந்தார்கள். உங்கள் ஊரில் நம் குழலான புகிரி ஊதத் தெரிந்த பெரியவர் யாராவது இருந்தால், அடுத்த ஹெத்தையம்மன் பண்டிகைக்கு முன்னால் இரண்டு பையன்களை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். செல்போனில் பதிவு செய்துகொள்வது அப்புறம். கூடம் தேடி அலைய வேண்டாம், யார் வீட்டுத் திண்ணையாவது போதும். எங்கள் வீட்டுக்கு வந்தாலும் சரி, டீ போட்டுத் தருகிறேன்.

என் மகளுக்கு 9 வயது. வயலின் வாங்கித் தரலாம் என்று இருக்கிறேன். கர்நாடக முறையா, அவர்கள் முறையா?
— தாய், கூடலூர்

பக்கத்தில் நல்ல ஆசிரியர் எந்த முறையில் கிடைக்கிறாரோ அந்த முறை. நம் முறையில் தரையில் உட்கார்ந்து, வயலின் தலையைக் காலில் ஊன்றி வாசிப்போம், தந்திகளை ஸ-ப-ஸ-ப என்று கூட்டுவோம். அவர்கள் தோளில் வைத்து வாசிக்கிறார்கள், சுருதிக் கூட்டலும் வேறு. பிறகு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறலாம், நானே மாறினேன்.

முழு அளவு வயலின் மட்டும் வாங்கிவிடாதீர்கள். மகளைத் தோளில் வயலின் வைத்து, இடது கையை நேராக நீட்டச் சொல்லுங்கள். வயலினின் சுருள் தலை அவள் மணிக்கட்டை ஒட்டி நின்றால் அளவு சரி. விரல் நுனியையும் தாண்டிப் போனால் பெரிது. இந்த வயசுக்கு அநேகமாக அரை அளவோ முக்கால் அளவோ பொருந்தும். மழைக்காலத்தில் கூடலூர் ஈரத்துக்கு, தந்தியை முறுக்கும் பிருடை இறுகிக்கொள்ளும். பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள்.