"படித்துவிட்டும் சேற்றுக்கா?" என்று தடுக்கும் வீட்டாருக்கு

முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் தந்தை வயல் செய்கிறார் என்றும், விவசாய பீடத்துக்கு அனுமதி கிடைத்தும் "படித்துவிட்டும் சேற்றுக்கா?" என வீட்டார் தடுக்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள், தங்கை.

அவர்களின் அச்சம் நியாயமானதே. பட்டதாரிகள் எல்லோருக்கும் அரச வேலை காத்திருப்பதில்லை. ஆயினும், கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடம் நடத்தும் 4 ஆண்டுப் படிப்பு நாற்று நடக் கற்பிப்பதற்கானதன்று. காலபோக (மாரி மழைப் பருவ) நெல்லை வெட்டிய கையோடு, ஈரத்துடனேயே, விலை விழுந்திருக்கும் நாளில் ஏன் விற்கிறார் என்று தந்தையிடம் கேட்டுப் பாருங்கள். கடன் ஒரு காரணம். காயவைக்கும் தளமும் களஞ்சியமும் இல்லாமை மற்றொன்று. ஈரப்பதன் ஏறத்தாழ 14 சதவீதத்துக்கு இறங்காத நெல் மூட்டையிலேயே பூஞ்சணம் பிடிக்கும் என்பதால், விளைச்சல் நன்றாக இருந்த ஆண்டிலும் விவசாயி பேரம் பேச முடியாமல் நிற்கிறார். உணவுப் பாதுகாப்பு என்று பாடத்தில் வருவது எங்கள் வீதியோரம் காயும் இந்த நெல்லைப் பற்றியதுதான். குளத்தில் நீர் குறைந்த சிறுபோகத்தில் (மழை குறைந்த பருவத்தில்) நெல்லுக்குப் பதிலாக உழுந்தோ பயறோ விதைப்பதா என்பதும், 2021 இல் இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைப்பட்டபோது தழைச்சத்தை எவ்வாறு ஈடுசெய்வது என்பதும் அத்தகைய கேள்விகளே.

கற்பித்தல் ஆங்கில மொழியில் நடப்பதால், தொடங்கும்வரை ஆங்கிலத்தைப் பழகுங்கள். இந்தப் போகத்தின் வரவுசெலவையும் தந்தையுடன் அமர்ந்து ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்; விவசாயப் பொருளியல் வகுப்பில் அது உதவும்.