கயிறு எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒலிம்பிக்கில் ஸ்போர்ட் கிளைம்பிங் பார்த்தேன். இடுப்பில் கயிறு, சுவரில் வரிசையாகக் கொக்கிகள். விழுந்தாலும் ஒன்றும் ஆவதில்லை. எவரெஸ்ட் கதைகளைப் படித்து வளர்ந்த எனக்கு இதில் சாகசம் எங்கே என்று தெரியவில்லை. மலையேற்றத்தைச் சுலபமாக்கி விளையாட்டாக்கிவிட்டார்களா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்தக் கயிற்றைப் பிடித்து யாரும் ஏறுவதில்லை. விழுந்தால் தாங்க மட்டுமே அது. ஏறுவது விரல்களாலும் கால்நுனியாலும்தான். பாறையில் துளையிட்டு முன்பே பதித்த போல்ட்டுகள் இருக்கும். ஒவ்வொன்றையும் எட்டியதும் கயிற்றை அதில் மாட்டிவிட்டு மேலே போவார்கள். பாறையில் ஏறுபவர்கள் ஸ்போர்ட் கிளைம்பிங் என்பது இதைத்தான். ஒலிம்பிக்கோ கயிறே இல்லாமல் தாழ்வான சுவரில் ஏறும் போல்டரிங்கையும், 15 மீட்டர் சுவரில் நடக்கும் வேகப் போட்டியையும் அதே பெயரில் சேர்த்துக்கொண்டது.

இதன் தொடக்கத்தில் ஒரு பெயிண்ட் டப்பா இருக்கிறது. 1975, ஜெர்மனியின் ஃபிராங்கன்யூரா பாறைப் பகுதி. பாறையில் அடித்த ஆணிகளைப் பிடித்தும் மிதித்தும் ஏறுவது அங்கே சகஜம். குர்ட் ஆல்பர்ட் என்ற இளைஞர் அவற்றின் உதவி இல்லாமல் ஏற முயன்றார். ஒரு தடத்தை அப்படி முழுக்க ஏறிவிட்டால் அதன் அடியில் சிவப்புப் புள்ளி ஒன்று வரைவார். ஆணி உயிரைக் காக்கலாம், உடலைத் தூக்கிவிடக் கூடாது. எனக்கு இந்தப் புள்ளிமேல் பெரிய மரியாதை உண்டு. 'ரெட்பாயிண்ட்' என்ற சொல்லாக அது இன்றும் உலகமெங்கும் புழங்குகிறது.

போல்ட் முறை வேரூன்றியது பிரான்சில், வெர்டோன், பூவூ போன்ற சுண்ணாம்புப் பாறைகளில். பாதுகாப்புக் கருவிகளைச் செருக வெடிப்பில்லாத வழவழப்பான முகங்கள் அவை. ஆகவே உச்சியிலிருந்து கயிற்றில் இறங்கித் துளையிட்டார்கள். கீழிருந்து ஏறிக்கொண்டே பாதுகாப்பு அமைப்பதுதான் நேர்மை என்று நம்பியவர்களுக்கு இது பொறுக்கவில்லை. அமெரிக்காவின் ஸ்மித் ராக்கில் 1986இல் பிரெஞ்சு வீரர் ஜான்-பாப்டிஸ்ட் திரிபூ ஏறிய மிகக் கடினமான தடத்தின் பெயரே 'டு போல்ட் ஆர் நாட் டு பி'. அதற்கு முந்தைய ஆண்டு இத்தாலியின் பார்டோனெக்கியாவில் பெரிய போட்டி நடந்தபோது, போட்டிகளே வேண்டாம் என்று 19 பிரெஞ்சுக்காரர்கள் கையெழுத்திட்டு அறிக்கை விட்டார்கள்.

சுலபமாக்கிவிட்டார்களா என்று கேட்டீர்கள். உயிர்ப்பயம் விலகியதும் மனிதர்கள் தேடிப்போனது மேலும் கடினமான பாறைகளை. 1991இல் வொல்ஃப்காங் கியூலிச் என்ற ஜெர்மானியர் அதே ஃபிராங்கன்யூராவில் 'ஆக்ஷன் டிரெக்ட்' என்ற தடத்தை ஏறினார். வெளிப்புறமாகச் சாய்ந்த பாறை. பிடிப்பதற்கு ஒரு விரலோ இரண்டு விரலோ நுழையும் குழிகள். விழுந்து விழுந்து பழக முடியாவிட்டால் அதை யாராலும் ஏறியிருக்க முடியாது.

விழுந்தாலும் ஒன்றும் ஆவதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். உடம்புக்குப் பெரும்பாலும் ஆவதில்லை. ஆனால் நீங்கள் பார்த்த, கயிற்றை மாட்டிக்கொண்டே ஏறும் லீட் போட்டியில் ஒருமுறை விழுந்தால் அந்த ஏற்றம் அத்தோடு முடிந்தது. பாறையில் ரெட்பாயிண்ட் வேண்டுமென்றால், கடைசிப் பிடியில் நழுவினாலும் கயிற்றை உருவிக்கொண்டு தரையிலிருந்து மறுபடி தொடங்கவேண்டும்.