கம்பத்தில் ஏறியதை ஏன் எழுதினீர்கள்?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு ஊராட்சியில் குடியிருக்கிறோம். வாசலில் உள்ள மின்கம்பத்தில் முன்பு டியூப் லைட் இருந்தது. போன வருடம் அதை எடுத்துவிட்டு எல்இடி விளக்கு மாட்டினார்கள். மாடிப் படுக்கையறையில் ராத்திரி முழுக்கப் பகல் மாதிரி வெளிச்சம். ஜன்னலில் இருந்து கை நீட்டினால் தொட்டுவிடலாம், அவ்வளவு பக்கம். அப்பாவுக்கு 74 வயது, தூக்கமே இல்லை. தேர்தலில் முன்னாள் தலைவருக்கு எதிராக வேலை செய்தோம் என்பதற்காகவே எங்கள் வாசலுக்கு மட்டும் பெரிய விளக்கு. ஊராட்சி செயலரிடம் நான்கு முறை சொல்லியும் பலனில்லை. பொறுக்க முடியாமல் என் தம்பி ஏறி உரச்சாக்கைச் சுற்றிக் கட்டினான். பத்து நாளில் விளக்கு அணைந்துவிட்டது. வேறு மாட்டிவிட்டார்கள். விளக்கை அகற்றவும் மன உளைச்சலுக்கு நஷ்டஈடு கேட்டும் ஊராட்சி மீது வழக்குப் போடலாமா?

பதில்: வழக்கைப் பற்றி அப்புறம் பேசுவோம். நீங்கள் அனுப்பிய மூன்று பக்கத்தில் சட்டத்துக்கு முக்கியமானது ஒரே ஒரு வரி. அதுவும் நீங்கள் போகிற போக்கில் எழுதியது. தம்பி ஏறிச் சாக்குக் கட்டினான், விளக்கு அணைந்தது.

தேர்தல் பகையை விட்டுவிடுங்கள். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் நிரூபிக்க உங்களிடம் ஒன்றும் இல்லை. நிரூபித்தாலும் விளக்கு அந்தப் பக்கம் திரும்பப்போவதில்லை. செயலர் நான்கு முறை தட்டிக்கழித்தார் என்பதும் அப்படித்தான். வாயால் சொன்னதற்குக் கணக்கில்லை.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை உங்கள் கை பலவீனமானது. சத்தம் என்றால் 2000ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணி முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று எண்ணே போட்டிருக்கிறது. படுக்கையறைக்குள் எவ்வளவு வெளிச்சம் விழலாம் என்பதற்கு அப்படி ஒரு எண் நம் சட்டத்தில் கிடையாது. தூக்கமும் அரசியலமைப்பின் 21ஆவது பிரிவு தரும் உரிமை என்று 2012இல் ராம்லீலா மைதான வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் வக்கீல் அதை எடுத்துக்காட்டத்தான் செய்வார். ஆனால் அது நள்ளிரவில் தூங்கிக்கொண்டிருந்த கூட்டத்தைப் போலீஸ் எழுப்பி விரட்டிய வழக்கு, தெருவிளக்கு வழக்கு அல்ல. மறுபக்கத்தில், குடியிருப்புள்ள இடங்களில் பொதுச் சாலைக்கு விளக்குப் போடுவது 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்தின் 110ஆவது பிரிவுப்படி ஊராட்சியின் கடமை. கடமையைச் செய்தவனை அதை அகற்றச் சொல்லி எந்த நீதிமன்றமும் சுலபத்தில் உத்தரவு போடாது. கோட்டாட்சியரிடம் பொதுத்தொல்லை மனு கொடுக்கலாமா என்று யாராவது யோசனை சொல்லியிருப்பார்கள். ஒரு வீட்டு ஜன்னலுக்கு வரும் கஷ்டம் பொதுத்தொல்லை ஆகாது.

சரி, அந்த வரிக்கு வருகிறேன். விளக்கை உடைத்தால்தான் குற்றம், மூடினால் என்ன என்று நினைக்கிறீர்கள். சொத்துச் சேதம் என்ற குற்றத்துக்குச் சட்டம் சொல்லும் விளக்கத்தில், பொருளின் மதிப்பையோ பயனையோ குறைக்கும்படி அதன் நிலையை மாற்றுவதும் அடக்கம். தெருவுக்கு வெளிச்சம் தரவேண்டிய விளக்கைச் சாக்கால் மூடினால் அதன் பயன் குறைந்ததா இல்லையா? போதாக்குறைக்கு விளக்கே போய்விட்டது. எல்இடி விளக்கின் முதுகுப்பக்கம் வரிவரியாக இருக்குமே, அது சூடு வெளியேறுவதற்காக வைத்தது. அதைச் சுற்றிச் சாக்கைக் கட்டினால் உள்ளே இருக்கும் ‘டிரைவர்’ என்ற மின்சுற்று வெந்துபோகும். எந்த எலக்ட்ரீஷியனும் சாட்சிக் கூண்டில் ஏறி இதைச் சொல்லிவிடுவார்.

மின்சாரச் சட்டத்தில் பொதுவிளக்கைத் தீய எண்ணத்தோடு அணைப்பதற்கென்றே 141ஆவது பிரிவு இருக்கிறது, அபராதம் 2,000 ரூபாய் வரைதான். அதோடு போனால் பரவாயில்லை. ஆனால் நம் காவல் நிலையங்களில் கை தானாகப் போவது 1992ஆம் ஆண்டு தமிழ்நாடு சொத்துச் சேதத் தடுப்புச் சட்டத்துக்கு. அதன் 3ஆவது பிரிவில் சேதம் 100 ரூபாயைத் தொட்டாலே போதும். குறைந்தது ஒரு வருடம், அதிகபட்சம் ஐந்து வருடம் சிறை. ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம், நீதிமன்றம் மனது வைத்தால்தான் உண்டு. மத்தியச் சட்டம் ஒன்றும் 1984இல் இருந்து இருக்கிறது. அதில் விளக்கு, தண்ணீர், மின்சாரம் சம்பந்தப்பட்ட பொதுச்சொத்துக்குத் தனி உட்பிரிவே உண்டு, குறைந்தது ஆறு மாதம். முன்ஜாமீன் கேட்டுப் போனால் சேதத் தொகையை முதலில் கட்டச் சொல்வார்கள். இன்னொன்று: மூன்று வருடத்துக்கு மேல் தண்டனை உள்ள குற்றத்துக்கு வழக்குப் பதியக் காலக்கெடு கிடையாது. இன்றைக்குச் சும்மா இருப்பவர்கள் அடுத்த உள்ளாட்சித் தேர்தல் சமயத்தில் அந்தச் சாக்கை ஞாபகப்படுத்திக்கொள்ளலாம். உங்கள் தம்பி அரசு வேலைக்குப் படிக்கிறாரா, பாஸ்போர்ட் எடுக்கப்போகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாவிட்டாலும் எனக்கு அந்தக் கவலைதான் முதலில் வந்தது.

என்னிடம் வழக்கோடு வந்தவர்களில் இப்படி மாட்டிக்கொண்டவர்களை யாரும் கையும் களவுமாகப் பிடிக்கவில்லை. அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். மலையோரக் கிராமத்துக்காரர் ஒருவர், கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமை மனுவில் ‘வேறு வழியில்லாமல் நாங்களே விளக்கை மறைத்துவிட்டோம்’ என்று கஷ்டத்தை உருக்கமாகச் சொல்வதாக நினைத்து எழுதிவிட்டார். மனு சுற்றிவந்து, யார் மேல் புகாரோ அவர் கைக்கே அறிக்கைக்காகப் போனது. அவர் அறிக்கை எழுதவில்லை, அந்த மனுவையே இணைத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டார். கையெழுத்து, தேதி, விலாசம் எல்லாம் நம் ஆளுடையது. நான் என்ன வாதாட?

நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டு வழக்கும் அதே குழிதான். பிராதில் சாக்கை மறைத்தால் எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில் கேட்கும். சொன்னால் அது வாக்குமூலம். பழைய விளக்கு ஏன் மாற்றப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) மனு போடும் யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். கோப்பில் இதுவரை இல்லாத காரணத்தைப் பத்து ரூபாய் கொடுத்து நீங்களே எழுதவைப்பீர்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை. யாரும் கேட்காததை எழுதாதீர்கள் என்கிறேன்.

இன்னொரு வரியும் உங்களையே கடிக்கும். கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்கிறீர்கள். தாழ்வழுத்தக் கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 1.2 மீட்டர், அதாவது நான்கு அடி இடைவெளி வேண்டும் என்பது விதி. கம்பம் பழையது என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. மாடி எப்போது கட்டினீர்கள்? சன்ஷேடும் பால்கனியும் தெருப்பக்கம் எத்தனை அடி நீட்டிக்கொண்டிருக்கின்றன? வழக்கு என்று போனால் முதலில் டேப் பிடித்து அளக்கப்படுவது விளக்கின் வெளிச்சம் அல்ல, உங்கள் பால்கனி. வெளிச்சத்துக்காக வந்தவர் ஆக்கிரமிப்பு நோட்டீஸோடு திரும்பியதையும் நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் சமாதானமாகப் போங்கள். ‘அகற்ற வேண்டும்’ என்று கேட்காதீர்கள். விடியற்காலையில் அந்தத் தெருவில் இருந்து ஓசூர் பக்கத்துக் கம்பெனி பஸ் ஏறப் பெண்கள் போவார்கள், அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லாம் உங்களுக்கு எதிராகக் கையெழுத்துப் போடுவார்கள். ‘திருப்ப வேண்டும்’ என்று கேளுங்கள். விளக்கின் சாய்வைக் குறைத்து ரோட்டைப் பார்க்க வைக்கலாம், வீட்டுப் பக்கம் ஒரு மறைப்புத் தகடு போடலாம், வாட் குறைந்த விளக்கு மாட்டலாம். இவற்றில் எதையும் ஊராட்சி தன் கடமைக்குக் குறைவில்லாமல் செய்ய முடியும். மனு ஒரே பக்கம். அப்பாவின் வயது, டாக்டர் சீட்டு இருந்தால் நகல், அறைக்குள் இருந்து எடுத்த இரண்டு படம், அவ்வளவுதான். அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் கையெழுத்து வாங்குங்கள், முடிந்தால் உங்கள் அரசியலில் இல்லாதவர்கள். தலைவர் இருந்தால் தலைவர், இல்லையென்றால் தனி அலுவலர், நகல் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு. கம்பம் மின் வாரியத்துடையது, விளக்கு ஊராட்சியுடையது. வாரியத்துக்கு எழுதிக் காலத்தை வீணாக்க வேண்டாம்.

போன விளக்கின் செலவை ஏற்றுக்கொள்கிறோம் என்பதை ஊரில் ஒரு பெரியவர் மூலம் வாய்வழியாகச் சொல்லிப் பாருங்கள். கேட்டால் ஊராட்சி ரசீதுக்குக் கட்டுங்கள், தனி ஆள் கையில் கொடுக்காதீர்கள், காரணம் எழுதிய கடிதமும் வேண்டாம். இதற்குப் பணிந்து போவதா என்று தம்பிக்குக் கோபம் வரும். அவர் ஏறிய கம்பத்தில் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது என்பதை மட்டும் அவருக்கு ஞாபகப்படுத்துங்கள்.

அதுவரைக்கும் ஜன்னலுக்குக் கெட்டியான திரை போடுங்கள். நான் வாங்கும் முதல் பீஸை விடக் குறைவாகவே ஆகும். இப்போது எரியும் விளக்கு நாளைக்குத் தானாகக் கெட்டாலும் கை உங்கள் வீட்டைத்தான் காட்டும். எனவே அது அணைந்த அன்றே செயலருக்கு போன் போட்டு ‘எங்கள் தெருவில் லைட் எரியவில்லை’ என்று புகார் சொல்லும் முதல் ஆள் நீங்களாக இருங்கள்.