“வேண்டாம்” என்று சொன்னால் என்ன நடக்கும்?

கேள்வி: அடிதடியும் கத்திக்குத்தும் அன்றாடமாகிவிட்ட பகுதிகளில் வளரும் பிள்ளைகள், போதைப்பொருளை நீட்டுகிறவனிடம் “வேண்டாம்” என்று சொல்லத் தெரியாமல்தானே கெட்டுப்போகிறார்கள்? பள்ளியில் அந்தத் துணிச்சலைக் கற்றுக்கொடுத்தால் போதாதா?

பதில்: “வேண்டாம்” என்று சொல்ல அவர்களுக்கு நன்றாகவே தெரியும். சொன்னால் என்ன நடக்கும் என்பதும் தெரியும். நீட்டுகிறவன் பெரும்பாலும் கூடப் படிக்கிறவன். அவனுக்குப் பின்னால் தெருமுனையில் நான்கு பேர் நிற்பார்கள். முகத்துக்கு நேரே மறுத்தால் அவனுக்கு அவமானம். “இவன் நம் ஆள் இல்லை, காட்டிக்கொடுத்துவிடுவான்” என்ற சந்தேகமும் சேர்ந்துகொள்ளும். மறுநாள் காலையும் அதே முனையைக் கடந்துதான் பள்ளிக்குப் போக வேண்டும்.

அந்தப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். அழைப்பே வராத கைபேசியைக் காதில் வைத்து, “இதோ வந்துவிட்டேன் அம்மா” என்று பேசியபடியே நடையை எட்டிப் போடுகிறான் ஒருவன். கால் வலித்தாலும் மூன்று தெரு சுற்றி வீட்டுக்குப் போகிறாள் ஒருத்தி. இதைக் கோழைத்தனம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

வாங்கிக்கொள்கிறவர்களும் உண்டு. கண்ணெதிரே ஒருவர் வெட்டுப்பட்டதைப் பார்த்து, இரவில் தூக்கம் வராமல், அதை மறப்பதற்காகவே போதையைத் தொட்டவர்கள் அவர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் துணிச்சல் பாடம் நடத்தி என்ன பயன்? முதலில் அந்தப் பயத்துக்கு மருந்து பார்க்க வேண்டும்.

பள்ளிப் பாடத்தையும் செய்து பார்த்தாயிற்று. 1983-இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய ‘டேர்’ திட்டத்தில் போலீஸ்காரர்களே வகுப்புக்கு வந்து போதையின் தீமையைச் சொன்னார்கள். அமெரிக்கா முழுவதும் பரவியது. ஆய்வு செய்தவர்கள், பிள்ளைகளின் போதைப் பழக்கத்தில் அதனால் பெரிய மாற்றம் இல்லை என்றே திரும்பத் திரும்பக் கண்டார்கள். 2009-இல் அந்தத் திட்டமே வேறு பாடத்துக்கு மாறியது. மறுப்பது, காரணம் சொல்வது, தவிர்ப்பது, இடத்தைவிட்டு விலகுவது என்ற நான்கு வழிகள் அதில் இருந்தன. இளம் பருவத்தினர் சொன்ன சொந்த அனுபவங்களிலிருந்து எடுத்தவை அவை. நேரடி மறுப்பு நான்கில் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள்.

துணிச்சல் தேவைப்படுவது பெரியவர்களான நமக்கு. “வீட்டில் தினமும் என் வாயை முகர்ந்து பார்க்கிறார்கள், தொலைத்துவிடுவார்கள்” என்று உங்கள் பிள்ளை உங்களைச் சாக்காகச் சொல்லிக்கொள்ளட்டும். கெட்ட பெயர் உங்களுக்கே வரட்டும். நள்ளிரவில் “வந்து கூட்டிப் போங்கள்” என்று அழைத்தால், எங்கே, யாரோடு என்று குடையாமல் உடனே கிளம்புங்கள். கேள்விகளைக் காலையில் வைத்துக்கொள்ளலாம்.