செடியைப் பார்சலில் அனுப்பினால் அழுகிப்போவது ஏன்?

கேள்வி: அக்காவுக்கு ஓர் அந்தூரியமும் இரண்டு மல்லிகைக் கன்றுகளும் கூரியரில் அனுப்பினேன். வழியில் வாடக்கூடாது என்று கிளம்பும் அன்று காலை நிறையத் தண்ணீர் விட்டு, செடி முழுவதையும் பிளாஸ்டிக் பையால் சுற்றிக் கட்டினேன். ஐந்தாம் நாள் போய்ச் சேர்ந்தபோது இலைகள் கறுத்து, தண்டு கொழகொழவென்று இருந்ததாம். கூடுதல் பணம் கொடுத்தால் ‘ஸ்பெஷல் பேக்கிங்’ செய்து தருவதாக புக்கிங் ஏஜென்ட் சொல்கிறார். பார்சலில் ‘துணி’ என்று எழுதினால் பிரச்சினையில்லாமல் போகும் என்கிறார். செய்யலாமா? தபால் நல்லதா, கூரியர் நல்லதா?

பதில்: துணி என்று எழுதாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் செடிகளுக்குத் தண்ணீர் போதாமல் போகவில்லை, அதிகமாகிவிட்டது. இருட்டுப் பெட்டிக்குள் செடி மிகக் குறைவாகத்தான் நீர் இழுக்கும். இலையெல்லாம் ஈரம், சுற்றிலும் பிளாஸ்டிக், காற்று இல்லை என்றால் பூஞ்சைக்கு இரண்டு நாளே போதும்.

அடுத்த முறை அனுப்புவதற்கு முந்தைய நாள் வேர்ப்பகுதிக்கு மட்டும் தண்ணீர் விடுங்கள். இலையில் படக்கூடாது. மறுநாள் செடியைத் தொட்டியிலிருந்து எடுத்து, உதிரும் மண்ணை உதிர்த்துவிட்டு, வேரைச் சுற்றி நனைத்துப் பிழிந்த செய்தித்தாளையோ தேங்காய் நார்த்தூளையோ வையுங்கள். கையால் அழுத்தினால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக்கூடாது. அதற்கு மேல் பாலிதீன் பை போட்டு, தண்டின் அடியில் கட்டிவிடுங்கள். பிளாஸ்டிக் அதோடு நிற்க வேண்டும். இலைகளுக்கு உலர்ந்த செய்தித்தாளைத் தளர்வாகச் சுற்றினால் போதும். பூ, மொட்டு, பழுத்த இலை எல்லாவற்றையும் கிள்ளிவிடுங்கள். வாடும் பூவிலிருந்து வரும் எத்திலீன் வாயு மற்ற இலைகளையும் பழுக்க வைத்து உதிர்த்துவிடும். அதே காரணத்துக்காக, இடம் இருக்கிறதே என்று பெட்டியில் பழம் எதுவும் வைக்காதீர்கள்.

இந்த ஈரத்தாள் விஷயத்தில் ஒரு விலக்கு உண்டு. கள்ளி, கற்றாழை, அடீனியம், ஜேட் போன்று இலையிலோ தண்டிலோ நீரைச் சேர்த்து வைக்கும் செடிகளுக்கு ஈரமே வைக்கக்கூடாது. மண்ணை உதறிவிட்டு, அறுந்த வேர்கள் காயும்வரை சில நாள் நிழலில் போட்டுவைத்து, உலர்ந்த தாளில் சுற்றி அனுப்ப வேண்டும். பையும் வேண்டாம். நான் இதை எத்தனை முறை சொன்னாலும், பாவம் தாகமாக இருக்குமே என்று வேரில் ஈரப்பஞ்சு சுற்றி அனுப்புகிறார்கள். அந்தப் பஞ்சுதான் செடியைக் கொல்கிறது. கொஞ்சம் ஈரம், லேசான ஈரம் என்ற பேச்சே இந்தச் செடிகளுக்கு வேண்டாம். இரண்டு வாரம் வேர் காய்ந்து கிடந்தாலும் பிழைத்துக்கொள்ளும்.

பெட்டி கெட்டியான அட்டையில், செடியின் நீளத்துக்கு ஏற்றதாக இருக்கட்டும். வேர்ப்பொதியை ஒரு முனையில் அட்டையோடு டேப் போட்டு ஒட்டி, காலி இடங்களில் கசக்கிய தாளை அடையுங்கள். மூடிவிட்டுத் தலைகீழாகக் கவிழ்த்துக் குலுக்குங்கள். உள்ளே ஏதாவது ஆடினால் திரும்பப் பிரித்துக் கட்ட வேண்டும். ‘இந்தப் பக்கம் மேலே’ என்ற அம்புக்குறியை ஒட்டுங்கள், ஆனால் நம்பாதீர்கள். பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் இடத்தில் பெல்ட்டில் உருண்டு போகும் பெட்டிக்கு மேல், கீழ் கிடையாது.

இப்போது ஏஜென்ட் விஷயம். ‘ஸ்பெஷல் பேக்கிங்’ என்று பலர் செய்வது, பெரிய பெட்டியில் போட்டு முழுக்க பிளாஸ்டிக் சுற்றுவதுதான். உங்கள் செடியைக் கெடுத்ததே அந்தச் சுற்றல். பெரிய பெட்டியால் யாருக்கு லாபம் என்று பாருங்கள். பல கூரியர் நிறுவனங்கள் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அதையே கிலோ எடையாகக் கணக்கிடுகின்றன. 50×40×40 பெட்டி என்றால் 16 கிலோ. உங்கள் செடி இரண்டு கிலோகூட இருக்காது. அதையே 50×15×15 பெட்டியில் அடக்கினால் கணக்கு 2.25 கிலோதான். நீங்களே கட்டிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

‘துணி’ என்று எழுதினால் அந்தப் பொய்யின் கீழ் இருப்பது உங்கள் கையெழுத்து. வழியில் பிரித்துப் பார்த்துத் தடுத்து வைத்தால் ஏஜென்ட் வரமாட்டார். நஷ்டஈடு கேட்கவும் வாய் இருக்காது. உள்ளதை உள்ளபடி ‘செடி’ என்று எழுதினாலும், பல நிறுவனங்கள் உயிருள்ள செடிக்குப் பொறுப்பேற்பதில்லை. அதை ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். பெட்டியின் அளவுக்கெல்லாம் காசு வாங்கத் தெரிகிறது, தாமதம் அவர்களுடையது, செத்த செடி மட்டும் நம்முடையதா? ஒரு கவுன்டரில் வாங்குவதை அடுத்த கவுன்டரில் மறுக்கிறார்கள், கேட்டால் விதி என்கிறார்கள். அதனால் பணம் கட்டும் முன்பே செடி எடுப்பார்களா, சேதமானால் என்ன தருவார்கள் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அக்கா வெளிநாட்டில் இருந்தால் கதையே வேறு. அரசின் தாவரப் பாதுகாப்பு அதிகாரிகள் அந்தக் குறிப்பிட்ட பார்சலைப் பரிசோதித்துத் தரும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். மண் ஒட்டியிருந்தாலே பல நாடுகள் திருப்பிவிடும். ‘சான்றிதழ் என்னிடம் ரெடியாக இருக்கிறது’ என்று ஏஜென்ட் சொன்னால், அது வேறு யாருடைய பார்சலுக்கோ வாங்கிய தாள்.

தபாலா கூரியரா என்றால், எது குறைந்த நாளில் சேர்க்குமோ அது. வாரத்தின் முதல் வேலைநாளில் அனுப்புங்கள். வாரக்கடைசியில் அனுப்பினால் விடுமுறை முழுக்கக் கிடங்கில் கிடக்கும். கடும் வெயிலோ கடும் குளிரோ இருந்தால் தள்ளிப்போடுங்கள். அந்தூரியம் 10 டிகிரிக்குக் கீழே தாங்காது.

அக்கா பெட்டியைப் பிரிக்கும் முன் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளட்டும். வந்த அன்றே நட்டு, நிழலில் ஒரு வாரம் வைக்க வேண்டும், உரம் கூடாது. மல்லிகை இலை முழுவதையும் உதிர்த்தாலும் பயப்பட வேண்டாம். தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்து, உள்ளே பச்சை இருந்தால் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள்.